வாக்குப்பதிவும் பாதம் கழுவுதலும் ஒரே நாளில் வந்தது பற்றி

ஐயா, அம்மையீர்,

வணக்கம். எங்கள் வட்டாரத்துக் குறிப்புகளைத் திரட்டி வைக்கும் தங்களுக்கு இதை அனுப்புகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்லன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, கண் மங்கிய பிறகு ஓய்வு பெற்றவன். எழுதும் பழக்கம் எனக்கு இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, எங்கள் கட்சிக் கிளையின் தீர்மானங்களை எழுதியது. மற்றொன்று, எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பேரவைச் செயலராக இருந்து கூட்ட நடவடிக்கைகளை எழுதியது. இரண்டிலும் "ஒருமனதாக" என்ற சொல்லை நான் எழுதிய அளவுக்கு வேறு எந்தச் சொல்லையும் எழுதியதில்லை. இரண்டிலும் அது உண்மையாக இருந்த நாட்கள் மிகக் குறைவு.

கட்சி என்னுடைய சொந்த முடிவு. ஊத்துக்குளிப் பக்கம் எருமை வளர்த்துக்கொண்டிருந்த என் தந்தையார் என்னைக் கேட்காமலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கட்சி உறுப்பினர் அட்டையை நானே போய், நானே விரும்பி வாங்கினேன். ஆயினும் தேர்தல் வந்தால் நானாக எடுத்த முடிவை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது என் தலையில் ஊற்றப்பட்ட தண்ணீரை வைத்தே என் வாக்கு எந்தப் பக்கம் போகும் என்று எல்லாக் கட்சியினரும் முடிவுசெய்துவிடுகிறார்கள். கட்சி அலுவலகத்தில் நான் கோயில்காரர். கோயிலில் நான் கட்சிக்காரர். கிறிஸ்துமசுக்குக் கட்சி சார்பில் கேக் வெட்டும்போது மட்டும் கத்தியைப் பிடிக்க என்னை முன்வரிசைக்கு அழைப்பார்கள்.

நான் இங்கே எழுத விரும்புவது ஒரு நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி. வாக்குப்பதிவு நாள் அறிவிக்கப்பட்டபோது, அது பெரிய வியாழனன்று வருகிறது என்பதை எங்கள் பங்குத்தந்தைதான் முதலில் கவனித்தார். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் அது. அன்று மாலைத் திருப்பலியில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்த நாளில் வாக்குப்பதிவு என்பதே ஒரு சிக்கல். கோயில் வளாகத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி என்பது இரண்டாவது சிக்கல். நாளை மாற்றக் கோரி மனு எழுதினோம். நான்தான் எழுதினேன். மிக நல்ல நடையில் எழுதப்பட்ட மனு அது என்று கையொப்பமிட்ட எல்லோரும் சொன்னார்கள். பதில் வரவில்லை. வாக்குப்பதிவு ஆறு மணிக்கு முடியும் என்பதால் திருப்பலியை ஆறரைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் ஆயரின் சுற்றறிக்கை வந்தது. வாக்களிப்பது ஒவ்வொரு கிறிஸ்தவரின் கடமை, மனச்சாட்சியின்படி வாக்களியுங்கள் என்பது அதன் சாரம். பலிபீடத்தருகே நின்று அதை நான் வாசித்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கட்சிக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கட்சிக்கு இத்தன வெளிப்படையாச் சொல்லுவாங்கன்னு நெனைக்கவே இல்லீங்க" என்று நெகிழ்ந்தார். இரண்டு படி இறங்குவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதே சொற்களால் எனக்கு நன்றி கூறினார். ஒரே சுற்றறிக்கையில் இத்தனை பேருக்கு ஆதரவு தெரிவிக்க ஆயர் ஒருவரால்தான் இயலும்.

குருத்து ஞாயிறன்று எங்கள் கட்சி வேட்பாளரே கோயிலுக்கு வந்தார். கையில் கொடுத்த குருத்தோலையைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்தபடி முதல் வரிசையில் அமர்ந்தார். எல்லோரும் எழும்போது அவரும் எழுந்தார், சற்றுத் தாமதமாக. நற்கருணை வாங்க மக்கள் வரிசையாகச் சென்றபோது அவரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார். அவரை அப்புறப்படுத்தும் பணி இயல்பாகவே எனக்கு வந்தது.

"நீங்க அப்படியே உக்காந்துக்கலாமுங்க" என்றேன், காதருகில்.

"இருக்கட்டுங்க. வரிசையிலயே வாங்கிக்கறனுங்க. நமக்குன்னு தனி மரியாதையெல்லாம் எதுக்குங்க" என்றார் பெருந்தன்மையுடன்.

"அதில்லீங்க. இது ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்குத்தானுங்க."

"அப்படீங்களா? அதுக்கு எங்கீங்க பேரு குடுக்கோணும்?"

உடன் வந்த வட்டச் செயலாளர் அவரை மெதுவாக உட்கார வைத்தார். இந்த வட்டச் செயலாளர் எங்கள் பங்கைச் சேர்ந்தவரே. என்னைவிட வயதில் இளையவர், கட்சியில் எனக்கு மேலானவர்.

பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும் பேரவைக் கூட்டம் அதே மாலை நடைபெற்றது. பங்கில் உள்ள பழைய குடும்பங்களிலிருந்து மூத்தவர்களை அழைப்பது அதுவரை வழக்கம். அந்த ஆண்டு வட்டச் செயலாளர் எழுந்து, தேர்தல் நாளன்று ஒரு கட்சிக்காரர்களின் கால்கள் மட்டும் கழுவப்பட்டால் அது தவறான செய்தியைத் தரும் என்றார். எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்கள் இதை மனமார ஆதரித்தார்கள். இரு தரப்பும் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். இளவயதினரான பங்குத்தந்தை, "பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று கூறி அறைக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்தது தொகுதிப் பங்கீடு. எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு நான்கு, மூன்றாவது கட்சி ஒன்றுக்கு இரண்டு, நடுநிலையாளர்களுக்கு இரண்டு. நடுநிலையாளர் என்று கூறிக்கொண்டு வந்த இருவரில் ஒருவர் எங்கள் கட்சி, மற்றவர் அவர்கள் கட்சி என்பதால் நடுநிலையும் சரிசமமாகக் காக்கப்பட்டது.

"முன்வரிசை நாற்காலி எங்களுக்கு வேணுமுங்க" என்றார் வட்டச் செயலாளர்.

"போன தடவ நீங்கதானுங்க முன்வரிசை. இந்தத் தடவ எங்களுக்கு உடோணும்" என்றார் எதிரில் இருந்தவர்.

"சீடருங்க வரிசை போட்டா உக்காந்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். பேச்சு அடுத்த நாற்காலிக்குப் போயிற்று.

எதிர்க்கட்சிக்கு நான்கு இடங்கள் கிடைத்தனவே தவிர, அமர்த்துவதற்கு மூன்று பேர்தான் இருந்தார்கள். "நம்ம பங்குல அவங்க கட்சிக்கு ஞானஸ்நானம் வாங்குன ஆம்பளைக பத்தலீங்க" என்று வட்டச் செயலாளர் மகிழ்ச்சியுடன் சுட்டிக்காட்டினார். அப்போதுதான் அவர்களுக்கு என் நண்பரின் நினைவு வந்தது.

என் நண்பர் திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து இளைஞனாக வந்து, கம்பெனிகளில் டெய்லராகத் தைத்தே தலை நரைத்தவர். அவருடைய கட்சியும் என் கட்சியும் எதிரெதிர். நாள்தோறும் மாலையில் பேக்கரியில் தேநீர் குடித்தபடி ஒருவர் தலைவரை மற்றவர் திட்டிக்கொள்வோம். இது எங்கள் நட்புக்கு வலுவூட்டியதே தவிர குறை எதுவும் வைக்கவில்லை. பக்தியில் அவரை மிஞ்சியவர் எங்கள் பங்கில் இல்லை. தவக்காலம் முழுவதும் புலால் உண்ணமாட்டார். எனினும் பன்னிருவரில் ஒருவராக அவரை யாரும் அழைத்ததில்லை. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் தெற்கத்திக்காரர்களை இங்கே தற்காலிகமானவர்களாகவே கருதுவது வழக்கம். அவர் பேரன் பேத்தி எடுத்த பிறகும் "என்னைக்கிருந்தாலும் ஊருக்குப் போயிருவாங்க" என்பார்கள்.

ஆகவே, செபத்தால் கிடைக்காத இடம் அவருக்குக் கட்சியால் கிடைத்தது. செய்தியைச் சொல்ல நான் அவருடைய வீட்டுக்கே போனேன்.

"எனக்கா? நெசமாவா அண்ணாச்சி?"

"உங்களுக்குத்தானுங்க தம்பி. உங்க கட்சிக் கோட்டாவுல."

"எந்தக் கோட்டாவா இருந்தா என்ன? இத்தன வருசமா தூணுக்குப் பின்னால நின்னு எக்கி எக்கிப் பாத்துருக்கேன். ஃபாதர் குனிஞ்சா எனக்கு அவரு முதுகுதான் தெரியும்." மனைவியை அழைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டாம் முறையும் சொன்னார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மனைவியார்தான் கேட்டார், "அன்னைக்கு நீங்க ஓட்டுப் போடல்லா போணும்?"

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தர வேண்டும். திருப்பூரில் வேலை செய்யும் தெற்கத்திக்காரர்களில் பலருக்கு வாக்கு இங்கே இல்லை. உழைப்பு இங்கே, ரேஷன் இங்கே, பிள்ளைகளின் படிப்பு இங்கே. வாக்கு மட்டும் பிறந்த ஊரில். அதை இங்கே மாற்றிக்கொள்ள அவர்கள் விரும்புவதில்லை. தேர்தலுக்கு முந்தைய நாள் எங்கள் பேருந்து நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பேரவையில் இருந்த எல்லோரும் அதை ஆண்டாண்டாய்ப் பார்த்தவர்கள்தாம். ஆயினும் நாற்காலிகளைப் பிரிக்கும் சுறுசுறுப்பில், இத்தொகுதியில் வாக்கே இல்லாத ஒருவருக்கு இங்குள்ள வாக்காளர்களைக் கவர்வதற்காக இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஒரு தடவ போடாட்டி என்னங்க தம்பி?" என்று கேட்டேன்.

"போன தடவயே போவலயே. கம்பெனில ஷிப்மெண்டு வேலைன்னு நிறுத்திட்டானுவளே. எங்க அண்ணன் மவன் போன் போட்டான். ஆளு ஊர்ல இல்லன்னு பூத்துக்காரனுவ குறிச்சு வச்சிருக்கானுவளாம். இந்தத் தடவயும் வரலன்னா பேரை எடுத்துருவாங்களாம்."

"இங்கயே மாத்திக்கலாமுங்களே?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். "அங்க எங்க வீடு இடிஞ்சு போச்சு. நெலம் தங்கச்சி கல்யாணத்தோட போச்சு. அந்த வீட்டு நம்பர்ல இப்ப வீடே கெடயாது அண்ணாச்சி, என் பேரு மட்டுந்தான் நிக்கி. இங்க கேட்டா என்னயத் திருநெல்வேலிக்காரன்ங்காங்க. அங்கயும் பேரு இல்லன்னா நான் எந்த ஊர்க்காரன்?"

மறுநாள் அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போனேன்.

"ரெண்டும் கடமைதான்" என்றார் பங்குத்தந்தை, நன்கு யோசித்து. "உங்க மனச்சாட்சிப்படி செய்ங்க."

"மனச்சாட்சிதான் ஃபாதர், உங்கட்ட கேட்டுட்டு வான்னு அனுப்புச்சு" என்றார் என் நண்பர்.

வட்டச் செயலாளருக்கு மட்டும் குழப்பமே இல்லை. என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்க, அவர இங்கயே உக்கார வெச்சுருங்க. பெரியவருக்குக் கால் கழுவுன மாதிரியும் ஆச்சு, அங்க அவங்களுக்கு ஒரு ஓட்டுக் கொறஞ்ச மாதிரியும் ஆச்சு."

"கோயில் காரியத்துல கட்சி பாக்கப்படாதுங்க" என்றேன்.

"நாற்காலி பிரிச்சப்ப இது உங்களுக்குத் தோணலீங்களா?" என்று கேட்டார். தர்க்கத்தில் அவர் என்னைவிடத் தேர்ந்தவர்.

இறுதியில் என் நண்பரே ஒரு வழி கண்டார். புதன் மாலை பேருந்து ஏறினால் விடியும்போது ஊர். ஏழு மணிக்குச் சாவடி திறந்ததும் முதல் ஆளாக வாக்களித்து எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்துக்குத் திருப்பூர். குளித்து, வேட்டி மாற்றி, ஆறரைக்கு நாற்காலி. "ரெண்டையும் விட மாட்டேன்" என்றார். அதுவரை அந்த நாற்காலியில் வேறு எவரையும் அமர விடுவதில்லை என்று நான் வாக்களித்தேன். எனக்கு வேறு எவருக்கும் வாக்களிப்பதைவிட அது எளிதாக இருந்தது.

புதனன்று பேருந்து நிலையத்துக்கு அவருடன் போனேன். ஒவ்வொரு பேருந்தும் நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டுகளும் பைகளும் குழந்தைகளும் உள்ளே வீசப்பட்டன. சனநாயகக் கடமையை ஆற்ற மக்கள் இவ்வளவு ஆவலுடன் முண்டியடிப்பதை வெளிநாட்டார் எவரேனும் கண்டிருந்தால் வியந்திருப்பார். என் நண்பர் ஒற்றைக் காலில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாற்காலி, அண்ணாச்சி!" என்று அவர் கத்தியது கூட்டத்துக்கு மேலே கேட்டது.

வியாழன் காலை நான் முதலில் சென்று வாக்களித்தேன். சாவடி அமைந்த வகுப்பறையில் கரும்பலகைக்கு மேல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒன்று உண்டு. மதச் சின்னம் தெரியக் கூடாதென்று தேர்தல் அலுவலர் அதைச் செய்தித்தாளால் மூடியிருந்தார். அந்தத் தாளில் ஒரு கட்சியின் முழுப்பக்க விளம்பரம் இருப்பதை வேறொரு கட்சியின் முகவர் கண்டுபிடித்து ஆட்சேபித்தார். தாளைத் திருப்பி ஒட்டினார்கள். மறுபக்கம் ஒரு நகைக்கடை விளம்பரம். அதற்கு ஒருவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. யாருக்கு வாக்களித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கட்சி அந்தத் தேர்தலில் அமைத்த கூட்டணி எனக்கு உவப்பானதன்று என்பதையும், மனச்சாட்சி என்பது சுற்றறிக்கையில் கேட்பதற்கு இருக்கும் அளவு இனிமையாகப் பொத்தானுக்கு எதிரில் இருப்பதில்லை என்பதையும் மட்டும் கூறுகிறேன்.

ஒன்பது மணிக்கு என் நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது.

"மிஷின் ஓடல அண்ணாச்சி. ஏழு மணிக்கே வந்துட்டேன். எனக்கு முன்னால மூணே பேரு. ஒருத்தன் போய் அமுக்கினான், அப்படியே நின்னுட்டு. வேற மிஷின் வருதுங்கான்."

"எப்ப வருமாமுங்க?"

"இந்தா வருதுங்கான். ரெண்டு மணி நேரமா இந்தா வருது."

ஒன்பதரைக்கு நானே அழைத்தேன். மாற்று இயந்திரம் வரவில்லை. பின்னால் இருந்த பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"தம்பி, இப்பக் கெளம்புனாலும் ஆறரைக்கு வந்து சேந்துருவீங்க" என்றேன். "வந்துருங்க. அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்."

மறுமுனையில் பல குரல்கள் கேட்டன. யாரோ ஒருவர், "பெரியப்பா, வெயில்ல நிக்காதீய, நெழலுக்கு வாங்க" என்று அழைத்தார்.

"அண்ணாச்சி" என்றார் என் நண்பர். "கால் கழுவுறதுக்கு நான் இல்லன்னா இன்னொருத்தர உக்கார வைப்பீங்க. என் பேருக்கு நேரா இங்க இன்னொருத்தர் நிக்க முடியாதுல்லா?"

போனை வைத்துவிட்டார். பதினோரு மணிக்குப் பிறகு இயந்திரம் வந்ததாகவும், வாக்களித்துவிட்டதாகவும், ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து எதுவும் இல்லாமல் நிற்பதாகவும் அடுத்த அழைப்பில் சொன்னார். குரலில் வருத்தமும் இருந்தது, இறுமாப்பும் இருந்தது.

மாலை ஐந்தரைக்கு மற்ற பதினொருவரும் வந்தார்கள். நான் எதிர்பாராத ஒரு காரியத்தை அவர்கள் செய்திருந்தார்கள். பங்குத்தந்தை காலடியில் குனியும்போது எடுக்கப்படும் புகைப்படத்தை எண்ணி, ஒவ்வொருவரும் தத்தம் கட்சியின் கரை வேட்டியை உடுத்தி வந்திருந்தார்கள். கோயிலும் சாவடியும் ஒரே வளாகம். ஆறு மணி ஆகவில்லை. வாயிலில் நின்ற காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"நூறு மீட்டருக்குள்ள கட்சி அடையாளம் கூடாது சார்."

"நாங்க ஓட்டுப் போட வரலீங்க. கால் கழுவிக்க வந்தோம்" என்றார் வட்டச் செயலாளர்.

காவலர் பதினொருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், யார் வீட்லயும் தண்ணி வரலியா?"

நான் முன்சென்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இயேசுவின் சீடர்களுக்குத் தமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, கரைக்குத்தான் ஆட்சேபம் என்றார். டோக்கன் வாங்கிய கடைசி வாக்காளர் வெளியேறும் வரை அவர் இளகுவதாக இல்லை. வேட்டியைத் திருப்பிக் கட்டிப் பார்த்தார்கள். கரை இரு பக்கமும் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மாற்றி வரலாம் என்றால், ஒரு கட்சிக்காரர் போனால்தான் மற்றவர் போவேன் என்றார்.

பதினொருவரில் ஒருவர் சிறிய நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். அவர் ஸ்கூட்டரில் சென்று ப்ளீச் செய்த வெள்ளைத் துணி ரோல் ஒன்றைத் தூக்கி வந்தார். எங்கள் ஊர் இயந்திரத்தில் பின்னி வரும் துணி அகலமான குழாயாகவே வரும். வெட்டிப் பிரித்தால்தான் அது ஒற்றைத் துணி. பிரிக்காமல் குறுக்கே நறுக்கினால் மூட்டிய கைலிபோல் இருக்கும். கோயில் கத்திரிக்கோலை வாங்கி, மதில் ஓரமாக ஆளுக்கு ஒரு துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். அவர்கள் அதற்குள் நுழைந்து, உள்ளே கட்டியிருந்த கரையை மறைத்துக்கொண்டார்கள். பனியன் துணி உடலோடு ஒட்டும் இயல்புடையது. தொப்பை உள்ளவர்களை அது மறைப்பதில்லை, அறிவிக்கும். பதினொரு திருத்தூதர்களும் கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வரிசையாக உள்ளே சென்றார்கள். தாழ்ச்சியைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். அவை எவையும் அவர்களிடம் ஏற்படுத்தாத மாற்றத்தை இரண்டு கிலோ துணி ஏற்படுத்தியது.

ஆறரை ஆயிற்று. என் நண்பர் மதுரையைக்கூடத் தாண்டவில்லை. நாற்காலியின் பின்புறம் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அவரு வரலீங்கல்ல? இடம் காலி. நம்ம ஆளு ஒருத்தர உக்கார வெச்சரலாம்" என்றார் வட்டச் செயலாளர்.

"அதெப்புடீங்க? அது எங்களுக்கு ஒதுக்குனது. பக்கத்துப் பங்குல இருந்து எங்க ஆளு ஒருத்தரு வந்து வெளிய நிக்கறாரு, கூப்புடறோம்" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

"ஆளுக்குத்தான் ஒதுக்குனோம். கட்சிக்கில்லீங்க."

"அப்ப கூட்டத்துல என்னத்தப் பேசுனோமுங்க?"

காலியாகவே இருக்கட்டும் என்றேன். சீடர் பதினொருவர் என்றால் இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனவன் எந்தக் கட்சி என்ற கேள்வி வரும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. அதன் பிறகு இரு தரப்பும் காலி நாற்காலிக்கு உடன்பட மறுத்தன.

பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவருகே அந்தக் காவலர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசி வாக்காளரும் போய், வகுப்பறையில் இயந்திரங்களுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்த நேரம்.

"சார், கொஞ்சம் வரீங்களா?" என்றார் பங்குத்தந்தை.

"நானா? நான் இந்தக் கோயில் இல்லீங்க ஃபாதர்."

"நீங்க எந்தக் கட்சி?"

"டூட்டியில இருக்கேன் ஃபாதர்."

"அப்ப உக்காருங்க."

இரு கட்சியினரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்சேபிக்க வழியில்லை. காவலர் தயங்கித் தயங்கி வந்து அமர்ந்து, பூட்சைக் கழற்றினார். மற்ற பதினொருவரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடரும் போட்டுக்கொண்டு வந்த கால்கள். விடியற்காலையிலிருந்து நின்ற கால்கள் அவை இரண்டு மட்டுமே. அன்று தண்ணீர் நிறம் மாறியது அவருடைய பாத்திரத்தில்தான். புகைப்படக்காரர் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுக்கும்படி அவருக்கு எந்தக் கட்சியும் சொல்லியிருக்கவில்லை.

பூட்சை மாட்டும்போது அவரிடம், "நீங்க ஓட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க சார். தபால் ஓட்டுக்கு எழுதிக் குடுத்தேன், வரவே இல்ல. அடுத்தவங்க போடுறதுக்குக் காவல் நின்னதோட சரி."

மறுநாள், பெரிய வெள்ளி காலை, சிலுவைப்பாதை தொடங்குமுன் என் நண்பர் வந்துவிட்டார். முகத்தில் தூக்கமில்லை. விரலில் மை இருந்தது. முதலில் விரலைத்தான் காட்டினார்.

"பேரு இருக்கு அண்ணாச்சி. தேடிப் பாத்து, என் மொகத்தயும் பாத்து, இருக்குன்னாரு."

"நல்லதுங்க தம்பி."

"என் நாற்காலியில ஆரு?"

காவலரைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கட்சியும் இல்லாதவர் என்றும், நம் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர் என்றும், வாக்களிக்க முடியாமற்போனவர் என்றும் சொன்னேன். அவர் மை வைத்த விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கால்ல நல்லாத் தண்ணி ஊத்துனாரா ஃபாதர்?"

"நல்லா ஊத்துனாருங்க."

"அப்பச் சரி. ஓட்டு இல்லாதவருக்கு அதாவது கெடச்சுதே." சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவரருகில் நின்றேன். மறைக்க என்னிடம் வேறொன்றும் இல்லாததால் என் குடையை விரித்துப் பிடித்தேன்.

தேர்தல் முடிவுகள் வந்தன. அவருடைய தொகுதியிலும் எங்கள் தொகுதியிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த வித்தியாசம் எங்கள் இருவர் வாக்கினாலும் மாறக்கூடியதாக இருக்கவில்லை. பேக்கரியில் வழக்கம்போல் ஒருவர் தலைவரை மற்றவர் திட்டினோம். அவர் பெயர் இன்றும் அவ்வூர்ப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் போய் வருகிறார்.

பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை பழையபடி பழைய குடும்பங்களுக்கே திரும்பிவிட்டது. பேரவையில் அவர் பெயரை நான் முன்மொழிந்தபோது, "இந்த வருசம் தேர்தல் இல்லீங்களே" என்றார் வட்டச் செயலாளர், வியப்புடன். மறு ஆண்டு மீண்டும் முன்மொழிந்தேன். அப்போது வேறொருவர், "அவரா? நாற்காலி குடுத்தும் பஸ்ஸ உட்டுட்டு வராமப் போனவருங்களே" என்றார். இப்போது பங்கில் எல்லோரும் அவ்வாறே கூறுகிறார்கள். அவர் அதை மறுத்துப் பேசுவதில்லை. பெரிய வியாழன்தோறும் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். நான் அடுத்த ஆண்டும் முன்மொழிவேன். செயலர் பொறுப்பும் கண்பார்வையும் எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது.

அவர் பேருந்தைத் தவறவிடவில்லை. வெயிலில், ஓடாத இயந்திரத்துக்கு எதிரே, நாற்காலியை நன்கு நினைத்துக்கொண்டே வரிசையில் நின்றார். போனில் அதைக் கேட்டவன் நான் ஒருவனே. எங்களுக்குப் பின் வருபவர்கள் கேட்டால் காட்டுவதற்காக, இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.